லட்டு அண்ணாச்சியின் ஒன்பதரை விரல்

லட்டு அண்ணாச்சி தோளில் கிடக்கிற துண்டை எடுத்து ஒரு உதறு உதறினால், வைகைக்கும் தாமிரபரணிக்கும் நடுவில் நிற்கிற அத்தனை மாடும் அசைபோடுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தூக்கும். அமெரிக்க ஜனாதிபதி வந்து நின்றாலும் எங்கள் ஊர் மாடுகள் அந்த மரியாதையைக் கொடுக்காது. நம்பாதவர்கள் சங்கரன்கோவில் வாரச் சந்தைக்கு வந்து அண்ணாச்சியின் வலக்கையைப் பிடித்துப் பார்க்கலாம். பிடிக்கும்போது மட்டும் கொஞ்சம் பதனம் வேண்டும். அந்தக் கையில் மோதிர விரல் பாதிதான் உண்டு.

காலையில் வேட்டி கட்டுவார். அதன்மேல் ஒரு தோல் பெல்ட்டை இறுக்குவார். அப்புறம் மாமனார் வீட்டு நிலையில் நெற்றியை ஒரு தடவை இடித்துக்கொண்டு தெருவுக்கு வருவார். இடிப்பது தவறவே தவறாது, அவ்வளவு உயரம். மனைவி ஞானரத்தினம் அக்கா பழைய சேலைத் துணியைச் சுருட்டி நிலையின் உச்சியில் ஆணியடித்து வைத்தாள். அதன் பிறகு இடிப்பது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது என்று தெருவில் ஒரு கட்சி சொல்கிறது.

தெருவுக்கு வந்ததும் கை கொடுக்க ஆரம்பிப்பார். காலையில் கண்ணில் பட்ட ஆளுக்கெல்லாம் கை கொடுப்பது அவர் பிறந்த ஊரில் வழக்கமாம். பால்காரர், முறுக்கு விற்கிற பேச்சி, பேப்பர் போடுகிறவர், ஒருவரையும் விட மாட்டார். குழாயடிப் பெண்கள் அவரைக் கண்டதும் இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்துக்கொண்டு, "கை ஒழிவில்ல அண்ணாச்சி" என்று தப்பிவிடுவார்கள். இதை எழுதுபவன் பக்கத்து வீடு. ஒரு நாள் உள்ளங்கை நிறைய விளக்கெண்ணெயைத் தடவிக்கொண்டு போய்க் கையை நீட்டினான். அண்ணாச்சி சத்தம் போடவில்லை. வழுக்கிய கையை விடாமல் திருப்பிப் பார்த்தார். ஒரு தீபாவளிக்குக் கைக்குள்ளேயே வெடித்த ஓலைவெடி விட்டுப்போன தழும்பு அதில் உண்டு. அதை விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, எண்ணெயைத் தன் முழங்கையில் தேய்த்துக்கொண்டார்.

"நல்ல எண்ணெய்ங்க. மூட்டுக்கு நல்லது" என்று போய்விட்டார்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் லூட்விக். எங்கள் தெரு அதை ஒரு வாரம் மென்று பார்த்து லட்டு ஆக்கியது. பிறந்தது மேற்கு ஜெர்மனியில் ஒரு மலைக்கிராமம். அப்பாவுக்கு மாட்டுப் பண்ணை. ஞானரத்தினம் அக்கா நர்ஸ் வேலைக்கு அங்கே போனபோது, அந்த ஆஸ்பத்திரிக்குப் பால் வண்டி ஓட்டி வந்தவர் இவர். பால் கேனை இறக்கி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? இவருக்கு மட்டும் அரை நாள் ஆனதாகவும், அதிலிருந்துதான் விஷயம் வெளியே வந்ததாகவும் கேள்வி.

பேசுவது அச்சு அசல் திருநெல்வேலித் தமிழ். கற்றுக்கொண்ட இடம்தான் கோளாறு. அக்கா அவரிடம் எப்படிப் பேசினாளோ, அதையே உலகத்தாரிடம் பேசுகிற முறை என்று எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் ஏறி, குரலைக் குழைத்து, "என்னங்க, கோவமா? புளியங்குடிக்கு ஒண்ணு குடுங்களேன்" என்று கேட்டால் எந்தக் கண்டக்டர் தாங்குவார்? அன்றைக்கு மாட்டிக்கொண்ட மீசைக்காரர் முகம் சிவந்து, விசிலை விழுங்கப் பார்த்தார்.

தமிழும் ஜெர்மனும் தவிர வேறு பாஷை தெரியாது. இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. ஊருக்கு இது தாங்க முடியாத அதிர்ச்சி. எல்லோரையும்விட அதிகமாகத் தாங்க முடியாதவர் மாமனார் தேவசுந்தரம் சார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தி ஓய்ந்தவர். வெள்ளைக்கார மருமகன் என்றதும், இனி வீட்டுக்குள்ளேயே இங்கிலீஷ் பேச ஆள் கிடைத்தது என்றுதான் கல்யாணத்துக்குச் சம்மதமே சொன்னார். இப்போது சாயங்காலமானால் கட்டிலில் சாய்ந்துகொண்டு மருமகனுக்கு இறந்தகாலம், நிகழ்காலம் நடத்துகிறார். "ஊரே வெள்ளக்காரன்ட்ட இங்கிலீஷ் படிக்கும். வெள்ளக்காரனுக்கு இங்கிலீஷ் படிச்சுக் குடுக்க ஆண்டவரு என்னைய வச்சிருக்காரு" என்பார். சொல்லும்போது முகத்தில் வருத்தம் இருக்காது.

அவர்கள் இங்கே வந்து சேர்ந்ததே சார்வாளுக்காகத்தான். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அக்கா ஒரே பிள்ளை. அவளுக்கு மிஷன் ஆஸ்பத்திரியில் உடனே வேலை கிடைத்தது. அண்ணாச்சிக்குக் கிடைக்கவில்லை. பெண்டாட்டி வெள்ளைப் புடவை கட்டிச் சாப்பாட்டு வாளியோடு வேலைக்குப் போக, ஆறடி ஆண்பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு 'டாட்டா' காட்டுகிற காட்சியை எங்கள் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. சில பேர் அதைப் பார்ப்பதற்காகவே வேலைக்குத் தாமதமாகப் போனார்கள்.

வேலை கொடுக்க ஆள் இல்லாமல் இல்லை. முதலில் ஞானதுரையின் டுடோரியல். 'வெள்ளைக்காரரே நேரில் வந்து இங்கிலீஷ் நடத்துகிறார்' என்று போர்டு எழுதி, பெஞ்சும் வாடகைக்கு எடுத்தாயிற்று. அண்ணாச்சி வகுப்புக்குள் போய், 'குட் மார்னிங்' என்றார். பையன்களும் எழுந்து 'குட் மார்னிங்' என்றார்கள். அதோடு பாடம் முடிந்தது. மீதி நேரம் முன்பெஞ்சுப் பையன் எழுந்து அண்ணாச்சிக்கு நடத்தினான். ஞானதுரை அந்தப் பையனுக்கே வேலை கொடுத்துவிடலாமா என்று யோசித்தார்.

அடுத்தது யாகூப் ஜவுளிக்கடை. ஆடித்தபசுக் கூட்டம், கடை வாசலில் நிற்க வேண்டியதுதான் வேலை. கூட்டம் வந்தது. வந்து அண்ணாச்சியைப் பார்த்தது. குழந்தைகளைத் தூக்கிக் கன்னத்தைத் தொட்டுக் காட்டியது. அப்படியே எதிர்க்கடையில் போய்ச் சேலை எடுத்தது.

"நான் உள்ள வந்து துணி மடிக்கேங்க" என்று அண்ணாச்சி கேட்டுப் பார்த்தார்.

"நீரு மடிச்சா யாரு ஒம்மையப் பாப்பா? சும்மா நில்லும்வே" என்றார் யாகூப்.

அன்று சாயங்காலம் கொடுத்த புதுச்சட்டையைக் கழற்றி, அழகாக மடித்து, கல்லாவில் வைத்துவிட்டு, "நான் பொம்மை இல்லீங்க" என்று வெறும் பனியனோடு வீட்டுக்கு நடந்து வந்தார். யாகூப் மதுரையிலிருந்து நிஜப் பொம்மை ஒன்றை வாங்கி வந்து நிறுத்தினார். அது எந்தக் குறையும் சொல்லவில்லை.

புளியங்குடியில் எலுமிச்சம்பழம் தரம் பிரிக்கப் போனார். நாலு கூடை முடிவதற்குள் வெயிலில் வெந்து சிவந்துவிட்டார். ஒருத்தி முந்தானையால் விசிற, ஒருத்தி மோர் கொண்டுவர, ஒருத்தி ஓலை எடுத்துப் பந்தல் போட, அங்கே பழம் பிரிக்க ஆளே இல்லை. "இவரு ஒருத்தருக்கு வேல குடுத்தா ஒம்போது பேருக்கு வேல நின்னு போகுது" என்று கமிஷன் கடைக்காரர் கும்பிட்டு அனுப்பிவைத்தார். சபைக்காரர்கள் வந்து பிரசங்கத்துக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளைக்காரர் வாயால் கேட்டால் சனங்களுக்கு ஒரு இது. அண்ணாச்சி உண்மையைச் சொன்னார்: "எனக்கு மாடுதாங்க தெரியும். ஆண்டவர அவ்வளவு பழக்கமில்ல." சார்வாள் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் பின்பக்கத்துச் சுவருக்கு அந்தப் புறம் அக்காவின் குரல் கேட்டது. சுவருக்கு இந்தப் புறம் எழுதுபவன் முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டிருந்தான். மரம் அங்கேதான் நிற்கிறது. வேறு காரணம் கிடையாது.

"ஏங்க, போதும். கிறிஸ்துமஸுக்கு முன்னால திரும்பிப் போயிருவோம். அங்கன ஒங்க அண்ணன் பண்ணையில வேல இருக்கு."

"மாமா?"

"ஏசுவடியா சித்தி பாத்துக்கிடுவா."

"சித்திக்குக் காது கேக்காதே. மாமா யாருக்குப் பாடம் நடத்துவாரு?"

பாத்திரம் ஒன்றை நங்கென்று வைக்கிற சத்தம். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "தெனமும் கதவப் பிடிச்சிக்கிட்டு நிக்கீங்க. அதப் பாத்துக்கிட்டே வேலைக்குப் போக எனக்கு மனசு கேக்கலங்க."

"கிறிஸ்துமஸ் வரைக்கும் தேடுதேன். கிடைக்கலன்னா போவோம். அழாதீங்க."

அன்றைக்குக் கீரை ஒரு வாரத்துக்குத் தேவையான அளவு சேர்ந்துவிட்டது.

அண்ணாச்சி சந்தைக்குப் போக ஆரம்பித்தது வேலை தேடி இல்லை. மாட்டு வாசனை பட்டால் அவருக்குத் தலைவலி போகும். அன்று பனவடலிசத்திரம் வீரபாண்டி ஒரு ஜோடிக் காளை கொண்டுவந்திருந்தார். அண்ணாச்சி ஒரு காளையைச் சுற்றிச் சுற்றி வந்தார். அதன் முதுகைத் தடவிப் பார்த்தார். முகம் கவலையானது. பக்கத்தில் நின்ற தரகர் மூக்காண்டியின் தோளைத் தொட்டார்.

"என்னங்க, இந்த மாட்டுக்கு முதுகுல பெரிய கட்டிங்க. ஞானரத்தினத்தக் கூட்டிட்டு வரட்டுமா?"

அவர் ஊர் மாட்டுக்குத் திமில் கிடையாது என்பது மூக்காண்டிக்கு எப்படித் தெரியும்? "ஏ வீரபாண்டி! ஒம்ம காளைக்குத் திமிலு கட்டியாம்வே! நர்ஸம்மா வந்து பாக்கணுமாம்!" என்று கத்தியவர், சிரிக்க இடம் போதாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்து முடித்ததும் டீ வாங்கிக் கொடுத்தார். டீயைக் குடிக்கும்போதுதான் அண்ணாச்சியின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

மூக்காண்டிக்கு ஒரு கஷ்டம் இருந்தது. மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. தரகரும் விற்கிறவரும் கை கோத்துக்கொண்டு மேலே துண்டைப் போட்டுவிடுவார்கள். உள்ளே விரல்தான் பேசும். ஒரு விரலை அழுத்தினால் ஒரு விலை, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் வேறு விலை. சுற்றி நிற்கிற யாருக்கும் அது தெரியக் கூடாது. ஆனால் மூக்காண்டிக்குத் துண்டு ஒன்றையும் மறைத்துக் கொடுக்கவில்லை. விலை ஏறினால் அவருக்குப் புருவம் ஏறும். இறங்கினால் கீழுதடு தொங்கும். பொடிப்பயல்கள்கூட அவர் மூஞ்சியைப் பார்த்து விலையைச் சொல்லிவிட்டு ஓடுவார்கள். அண்ணாச்சியின் முகமோ சந்தோஷமானாலும் சங்கடமானாலும் ஒரே தக்காளிச் சிவப்பு.

"எங்கூடத் தொழிலுக்கு வாரீராவே?"

அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்தார். "சும்மா நிக்கணுமாங்க? ஆளுங்க வந்து என்னையப் பாப்பாங்களா?"

"ஒம்மைய எதுக்குவே பாக்கணும்? கையத் துண்டுக்குள்ள விட்டாப் போதும். துண்டுக்குள்ள எல்லாக் கையும் கறுப்புதான்."

அண்ணாச்சி அன்றைக்கே துண்டு வாங்கினார். அதுவும் யாகூப் கடையில். பொம்மைக்கும் ஒரு கை கொடுத்துவிட்டு வந்தார்.

விரல் பாஷை அவருக்குச் சீக்கிரமே பிடிபட்டது. இந்தப் பாஷையில் குழைய வேண்டியதில்லை, இலக்கணம் கிடையாது. முதல் வியாபாரம் அதே வீரபாண்டியோடு. துண்டு விழுந்தது. உள்ளே பேச்சு மும்முரமானது. வீரபாண்டிக்கு விலை பிடிக்கவில்லை. கோபத்தில் அண்ணாச்சியின் விரல் ஒன்றைப் பிடித்து இழுத்தார். இழுத்தவர் கை மேற்கொண்டு போக வேண்டிய இடத்தில் விரல் இல்லை.

"யாத்தே! வெரலு கழண்டுட்டு! மெல்லத்தானய்யா பிடிச்சேன்!"

துண்டை உதறிப்போட்டுவிட்டு, வீரபாண்டி மண்டிபோட்டு மாட்டுக் காலுக்கிடையில் தேட ஆரம்பித்தார். கூட்டத்தில் இரண்டு பேர் சாணியைக் கிளறித் தேடினார்கள்.

"என்னங்க தேடுதீங்க?" என்றார் அண்ணாச்சி.

"ஒம்ம வெரலவே!"

"அது ஜெர்மனியில இருக்குங்க. சின்னப் பிள்ளையில புல்லு வெட்டுத மிசின்ல போயிட்டு."

சந்தை சிரித்தது என்னவோ உண்மை. ஆனால் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் யோசித்தது. அந்த ஆள் கையைப் பிடித்தால் விரல் கையோடு வருமாம், தோஷமாம், அப்படி விற்ற மாடு மலடாகுமாம். அடுத்து வந்த சந்தைகளில் அண்ணாச்சி வேப்பமரத்தடியில் துண்டை விரிப்பார், மடிப்பார், மறுபடி விரிப்பார். ஒரு கையும் உள்ளே வரவில்லை. மூக்காண்டி மனிதாபிமானம் உள்ளவர்தான். இருந்தாலும், "நான் என்னவே செய்யட்டும்? கார்த்திகையும் பொறந்தாச்சு, ஒரு பயலும் கைய நீட்ட மாட்டேங்கானே" என்று புருவத்தை இறக்கினார். அண்ணாச்சி மறுபடி தினமும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். பின்பக்கத்துச் சுவரில் ஒரு நாள் கம்பளிக் கோட்டு வெயிலுக்குக் கிடந்தது. சங்கரன்கோவில் வெயிலில் கம்பளிக் கோட்டைக் காயப்போடுவதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு.

அந்த வாரச் சந்தையில்தான் சைக்கிள் கடை வேல்சாமி கன்னங்கரேலென்று ஒரு காரிப் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தார். வேல்சாமியிடம் மாடு இருப்பது அதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. கேட்டதற்கு, "புதுசு" என்றார். நேராக வேப்பமரத்தடிக்குப் போய்க் கையை நீட்டினார். துண்டுக்குள் நெடுநேரம் பேச்சு நடந்தது. கட்டுப்படியாகவில்லை என்று கடைசியில் கையை உருவி, எல்லோரும் பார்க்கும்படி ஐந்து விரலையும் விரித்துச் சொடக்குப் போட்டுக் காட்டிவிட்டு, மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு வேறு இரண்டு பேர் தைரியமாகக் கை நீட்டினார்கள்.

அடுத்த சந்தைக்கு எங்கள் தெரு மகபூப் பீவியின் மகன் ஒரு காரிப் பசுவோடு வந்தான். அதற்கு நெற்றியில் வெள்ளைப் பொட்டு. அதற்கடுத்த சந்தைக்கு இளையரசனேந்தல் ஆள் ஒருவர் ஓட்டி வந்த காரிப் பசுவுக்குக் கொம்பில் பச்சை வர்ணம். ஒன்றுக்குமே விலை படியவில்லை. கரிசல் காட்டில் காரிப் பசுவுக்கா பஞ்சம்? ஒவ்வொன்றுக்கும் பின்னால் நிஜமான மாடும் நிஜமான கையும் வந்தன. வீரபாண்டியே திரும்பி வந்தார். கையை நீட்டுமுன், "எது அரை வெரலு, மொதல்லயே காட்டிரும்" என்று கேட்டுக்கொண்டார். போகப் போக அந்த அரை விரலே வசதியாகிவிட்டது. மற்றத் தரகர்கள் விலையில் 'அரை' என்று சொல்ல ஒரு விரலை மடக்கிக் காட்ட வேண்டும். அண்ணாச்சி அதைத் தொட்டுக் காட்டினால் போதும். "ஆண்டவரே மடக்கி அனுப்பியிருக்காரு" என்றார் மூக்காண்டி. இதைக் கேள்விப்பட்டுச் சார்வாள் கட்டிலில் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சந்தை. காலையிலிருந்து தூறல், கூட்டம் குறைவு. இன்றைக்கு வெறுங்கையோடு போனால் என்ன ஆகும் என்று எழுதுபவனுக்குக் கவலை. வேல்சாமியைக் கேட்டால் கடையில் பஞ்சர் வேலை என்றுவிட்டார். வேறு ஆள் சிக்கவில்லை. ஆகவே ஒரு கிழவர் வந்தார். தலையோடு கம்பளியைப் போர்த்தி, முதுகை வளைத்து, இருமிக்கொண்டே வந்தார். அவருடைய நரைத்த மீசை ஒரு பக்கம் ஈரத்தில் கொஞ்சம் இறங்கியிருந்தது. கூட வந்த காரிப் பசுவுக்கு நெற்றியில் பொட்டும் உண்டு, கொம்பில் பச்சையும் உண்டு, கழுத்தில் புது மணியும் உண்டு. எழுதுபவன் வீட்டில் அம்மா முருகம்மாள், மாடு மேய்ச்சலுக்குப் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் வேப்பமரத்தடியில் அன்றைக்கு இடமே இல்லை. அண்ணாச்சியைச் சுற்றி ஐந்தாறு பேர் முறைக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். கிழவர் திரும்பிவிடலாமா என்று யோசிக்குமுன், அண்ணாச்சியே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கையை நீட்டினார். துண்டு விழுந்தது.

கிழவர் கரகரத்த குரலில், "மாடு நல்ல ஈத்து மாடு தம்பி" என்றார். உள்ளே இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தார். பதில் விலை வரவில்லை. அரை விரல் மெதுவாக உள்ளங்கைக்குப் போனது. ஓலைவெடித் தழும்பைத் தேடிக் கண்டுபிடித்தது. அதன்மேல் ஒரு தடவு தடவியது. அண்ணாச்சியின் முகத்தில் அதே தக்காளிச் சிவப்பு; ஒன்றும் வாசிக்க முடியவில்லை.

"ஏலே" என்றார். ஊரில் நாய்க்குக்கூட 'என்னங்க' போடுகிறவர், முதல் தடவையாக ஏலே என்றார். "போதும்லே. மாட்டுக்குக் கால் வலிக்கும். கம்பளிக் கோட்ட முறுக்குப் பேச்சிக்குக் குடுத்தாச்சு."

பேரம் நடக்கையில் துண்டை எடுப்பது சந்தையில் இல்லாத வழக்கம். அண்ணாச்சி இடக்கையால் அதை உருவி எடுத்தார். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, அதன் நுனியால் பசுவின் நெற்றியிலிருந்த சுண்ணாம்பை அழுத்தித் துடைக்க ஆரம்பித்தார். வலக்கை, பிடித்த கையை விடவில்லை.